கதையை அழித்துவிட்டுப் போனவர்களுக்கு, கடைமடையிலிருந்து ஒரு மடல்

உங்கள் கதை என்னிடம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

ஃபேன்பிக்ஷன் எழுதிப் போட்டுவிட்டு, ஒருநாள் அத்தனையையும் அழித்துவிட்டுப் போன எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனசில் வந்து நிற்பது ஒரே ஒருவர். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது, வைத்துக்கொண்டிருந்த புனைபெயர் மட்டும் தெரியும், அதையும் இங்கே எழுதமாட்டேன். பெயரே வேண்டாம் என்று துடைத்துவிட்டுப் போனவரைத் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது சரியில்லை. அதனால் நான் "நீங்கள்" என்று எழுதும்போது சில இடத்தில் எல்லோரையும், சில இடத்தில் அந்த ஒருவரையும் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், சிட்டா, நவம்பர் பிறந்தால் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு. வீடு வேதாரண்யம் போகிற வழியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலையில் ஒரு முக்கால் மணி, சாயங்காலம் ஒரு முக்கால் மணி, நடுவில் சர்வர் படுத்துக்கொள்ளும் நேரம், இவ்வளவுதான் எனக்குப் படிக்கக் கிடைப்பது. சர்வர் படுத்துவிட்டால் எதிரில் ஆதார் அட்டையோடு நிற்கும் தாத்தா ஏதோ நான்தான் ஒயரைப் பிடுங்கிவிட்ட மாதிரி முறைப்பார். "பத்து நிமிஷம் ஆகும் தாத்தா, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே போனைத் திறந்தால், அங்கே ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் சாகாமல் தப்பித்துக்கொண்டிருப்பான். தாத்தாவுக்கு அது தெரியாது. பக்கத்து சீட்டு அக்காவுக்கும் தெரியாது. அவர் நான் புடவை குரூப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் அதை மாற்றவில்லை.

பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

விஷயம் தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி. ஏற்கெனவே ஒருவர் எழுதிய கதையின் ஆட்களை எடுத்துக்கொண்டு, அந்தக் கதை போகாத வழியில் இன்னொருவர் கூட்டிக்கொண்டு போவதுதான் ஃபேன்பிக்ஷன். செத்தவரைப் பிழைக்க வைக்கலாம், சேராதவர்களைச் சேர்த்து வைக்கலாம், குந்தவையை இன்றைய கும்பகோணத்தில் காலேஜுக்கு அனுப்பி அரியர் வைக்க விடலாம். காசு கிடையாது. எழுதுகிறவருக்கும் வராது, படிக்கிறவரும் கொடுக்க வேண்டாம்.

இதை வீட்டில் புரியவைக்கப் பட்ட பாடு தனி. வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார், "அதான் பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டியே, இன்னும் என்ன?" இது வேற ஆள் எழுதினது என்றேன். "அப்ப டூப்ளிகேட்டா?" அவர் உரக்கடையில் வேலை பார்க்கிறவர், அந்தச் சொல் அவருக்கு வாயிலேயே இருக்கும். விக்ரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சிதானே, அதைக் கெட்டி அட்டை போட்டு லைப்ரரியில் வைத்தால் சரித்திர நாவல், அதையே ஒரு பெண் போனில் தட்டி ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டால் டூப்ளிகேட்டா என்று கேட்டேன். கல்கியே கடைசியில் முடிவுரை என்று ஒன்று எழுதி, அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு, இவருக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது, 1950லிருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் படித்தவர்கள் சும்மா விடுவார்களா என்றும் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

அத்தைதான் ஒரே வரியில் முடித்தார். அத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் சின்ன வயசில் அவர் ஊரில் ஒரு கிழவி ராத்திரிகளில் அல்லி அரசாணி மாலை படிப்பாராம், சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். "அர்ச்சுனன் மதுரைக்கு வந்து அல்லியக் கட்டுனது பாரதத்துல எங்க இருக்கு? நம்ம ஆளு யாரோ சேத்து வுட்டது. பவளக்கொடியும் அப்படித்தான். இதுவும் யாரோ சேத்து வுடுறாங்க போல." பதினோரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை முறுக்கு பிழிந்துகொண்டே சொல்லிவிட்டு, "எண்ணெய் காயுது, தட்ட எடு" என்றார்.

கம்பனை இழுத்து வந்து பெருமைப்படுவது எங்கள் கூட்டத்தில் பழைய வழக்கம். அவன் ஊரான தேரழுந்தூர் எங்களுக்குத் தூரமில்லை என்றாலும் நான் அதைச் செய்யப்போவதில்லை, தேய்ந்துபோன உதாரணம். எனக்கு வேண்டியவர் கோபாலகிருஷ்ண பாரதி. நரிமணத்தில் பிறந்து மாயவரம் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் இருந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரத்தில் ஒரு வேதியர் வருவாரே, நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் விளைய வைத்துவிட்டு அப்புறம் சிதம்பரம் போ என்று நந்தனிடம் சொல்கிற ஆண்டை, அந்த ஆள் பெரியபுராணத்தில் கிடையவே கிடையாது. சேக்கிழார் எழுதவில்லை. பாரதியார் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, தினமும் சிட்டா எடுத்துக் கொடுக்கிற எனக்கு நாற்பது வேலி என்றதும் இருநூற்று அறுபது சொச்சம் ஏக்கர் என்று மனசுக்குள் கணக்கு ஓடிவிடும், ஓடியதும் நந்தனை நினைத்து வயிறு கலங்கும். இன்றைக்கு எங்கள் பக்கம் நந்தன் கதையைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் அந்த ஆண்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மூலத்தில் இல்லாத ஆள் மூலத்தையே விழுங்கிவிட்டார்.

அது போகட்டும், நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. பாரதியார் தன் நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கும் பாட்டு, கேட்டு மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளைக்கு அந்தக் கீர்த்தனைகளில் இருந்த இலக்கணப் பிழைகள் பொறுக்கவில்லை, கொடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இவரும் விடாமல் வருவதும் காத்திருப்பதும் போவதுமாக இருந்தார். ஒருநாள் அப்படித் திண்ணையில் காத்திருந்தபோது இவர் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பிள்ளையின் மனம் இளகியது என்று உ.வே.சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் இதை யாருக்காவது சொன்னால், பாருங்கள் பண்டிதர்கள் அப்போதிருந்தே இப்படித்தான் என்று முடிப்பேன். இப்போது எனக்குத் திண்ணைதான் கண்ணில் படுகிறது. எழுதி முடித்த ஒரு மனுஷர் ஒரு வார்த்தைக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே படித்து முடித்தவர் வாயைத் திறக்கவில்லை.

உங்களை நான் அப்படித்தான் உட்கார வைத்தேன், நான்கு வருஷம்.

2016ல் ஆரம்பித்தீர்கள். மொத்தம் 52 அத்தியாயம் என்று போட்டிருந்தீர்கள். பொன்னியின் செல்வனில் வருகிற கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலிதான் உங்களுக்கு எல்லாம். சேந்தன் அமுதனும் வேண்டாம், சிங்காசனமும் வேண்டாம் என்று அவள் தன் படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, நாகப்பட்டினத்து வணிகர்களுக்கு வழிகாட்டியாகி, அங்கிருந்து கடாரம் போகிற கப்பலில் ஏறுவது வரை கொண்டுபோனீர்கள். யாரையும் காதலிக்க விடவில்லை அவளை. ஃபேன்பிக்ஷனில் இது எவ்வளவு அபூர்வம் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே கல்லும் கல்லும் பக்கத்தில் இருந்தாலே சேர்த்து வைத்துவிடுவார்கள்.

இங்கிலீஷில் எழுதினீர்கள். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் தபாலில் பி.காம். முதல் அத்தியாயத்தைப் படித்து முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது, ஒரு கையில் கதை, ஒரு கையில் டிக்ஷனரி. பத்தாவது அத்தியாயத்தில் டிக்ஷனரி குறைந்தது, இருபதில் நின்றே போனது. இன்றைக்கு மையத்துக்கு வெளிநாட்டு வேலைக்கான ஃபாரத்தோடு பையன்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இங்கிலீஷ் வந்தது எந்த ஸ்போக்கன் வகுப்பிலும் இல்லை. கோடிக்கரையில் நின்று கடலைப் பார்க்கிற ஒரு படகுக்காரப் பெண் மனசுக்குள் பேசிக்கொண்டதில்தான் வந்தது.

நீங்கள் எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்பது 17வது அத்தியாயத்தில் தெரிந்துவிட்டது. கோடிக்கரையிலிருந்து கிளம்பும்போது பூங்குழலி திரும்பிப் பார்க்கிறாள், தூரத்தில் மலைகள் நீலமாகத் தெரிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் மலை என்றால் அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்புதான். கோடிக்கரையிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கிற மணல்மேடு, அதில் ஏறி நின்றாலும் சதுப்பும் மான்களும் குதிரைகளும்தான் தெரியும். ஆனால் அந்த இடத்துச் சேற்றின் வாடையை எப்படிச் சரியாக எழுதினீர்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது கஜா புயலுக்கு வருகிறேன். உங்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் அடித்தது. எங்கள் ஓட்டு வீட்டில் பாதி ஓடு போனது, தெருவில் இருந்த தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, கரண்ட் கம்பங்கள் வயலில் மடிந்து கிடந்தன. பள்ளிக்கூடத்தில் தங்கினோம், என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயசு. மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை, முதல் சில நாள் போனில் டவரும் இல்லை. ஒருவர் ஜெனரேட்டர் கொண்டுவந்து போனுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு டவர் தேடி ரோட்டில் அலைந்தார்கள். என் போனில் உங்கள் கதை இருந்தது, 29 அத்தியாயம், முன்பே இறக்கி வைத்திருந்தேன், அதைப் படிக்க டவர் வேண்டியதில்லை.

இரண்டாவது ராத்திரி அத்தை தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். விழுந்த மரங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார், வாய்விட்டு, ஒன்று, இரண்டு என்று. அதைக் கேட்க முடியாமல்தான், "ஒரு கதை சொல்லவா அத்தை" என்றேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பாயிலிருந்து ஒருவர், அதற்கடுத்த பாயிலிருந்து ஒருவர் என்று நகர்ந்து வந்தார்கள். மறுநாள் ராத்திரி நான் கூப்பிடாமலே வந்தார்கள். நான்காவது நாள் எண்ணிப் பார்த்தேன், குழந்தைகளை விட்டுவிட்டால் பதினோரு பேர். அதில் ஒரு அக்கா கடலோரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், அவர் உங்கள் மேல் கோபமாகவே இருந்தார். கார்த்திகை மாசத்தில் பூங்குழலி கோடிக்கரையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பாய் விரித்து ஓடுகிறாள் என்று சொன்னபோது, "வாடைக் காத்து எதுத்துல்ல அடிக்கும்? எப்படிப் போவும்? எளுதுனவ கடலப் பாத்துருக்காளா?" என்றார். பார்த்திருப்பாங்க அக்கா, வேற கடல் என்றேன். சரி என்று விட்டுவிட்டார், ஆனால் மறுநாள் மேலே சொல்லும் முன், நேற்றைய இடத்தில் அவள் பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்புப் போட்டாள் என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

29 முடிந்ததும் "அப்புறம்?" என்றார்கள். இன்னும் எழுதலை என்றேன். "எழுதுனா வந்து சொல்லு."

சொன்னேன். நீங்கள் 30 போட்டபோதும் சொன்னேன், 34ல் கப்பலில் நோய் வந்தபோதும் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில், நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்தபோது, ஒரு தடவை சாவு வீட்டில்கூட. உங்கள் பக்கத்தில் எத்தனை தடவை திறந்தார்கள் என்று காட்ட ஹிட்ஸ் என்று ஒரு எண் ஓடுமே, அதில் இந்தப் பதினோரு பேரும் இல்லை. நானே அதில் சரியாக இல்லை, ஒரு தடவை இறக்கிக்கொண்டு நெட் இல்லாமல் இருபது தடவை படித்தால் உங்கள் கணக்கில் அது ஒன்றுதான்.

கதை பிடித்திருக்கிறது என்று சொல்கிற குடோஸ் பட்டனை ஒரு தடவை அழுத்தினேன், கணக்கு இல்லாமல் விருந்தாளியாக. மறுபடி அழுத்தினால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று வரும். கமென்ட் எழுதப் பெட்டியைத் திறந்து எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன் தெரியுமா. அத்தனை அழகான இங்கிலீஷுக்குக் கீழே என் இங்கிலீஷைப் போடக் கூச்சம். தமிழில் எழுதலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. தட்டுவேன், அழிப்பேன், பஸ் நிறுத்தம் வந்துவிடும்.

2020 ஆகஸ்டில் 38வது அத்தியாயம் வந்தது. கப்பல் நடுக்கடலில், பாய்மரம் முறிந்து, பூங்குழலி காற்றுக்காகக் காத்திருக்கிறாள். கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள், யாராவது படிக்கிறீர்களா என்று. படித்தேன். வேறு யாராவது பதில் போடுவார்கள் என்று இருந்துவிட்டேன். திருவாரூரில் ஆழித்தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு கூடவே நடப்போம், புண்ணியத்துக்குத் தொடுகிறோம், இழுக்க வேறு ஆள் இருக்கிறது என்று. அன்றைக்கு வடத்தில் எல்லோருமே என்னை மாதிரிதான் இருந்திருக்கிறோம்.

2021 பிப்ரவரியில் பக்கத்தைத் திறந்தால் 404. நெட் சரியில்லை போல என்று முதலில் நினைத்தேன். மறுநாள் உங்கள் பெயரைத் தேடினேன், பெயரும் இல்லை.

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறக்க வேண்டும் என்பது வழக்கம், 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, மூணாறு தலைப்பு தாண்டி, முள்ளியாற்றில் இறங்கி, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருவதற்குள் மேலே இருப்பவர்கள் நாற்று விட்டிருப்பார்கள். மேட்டூரில் ஷட்டரைத் தூக்குபவருக்குக் கடைசி வயலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியப்போவதில்லை, அது அவர் தப்புமில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, தண்ணீர் வரவில்லை என்றால் ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம். வாய்க்கால் காய்ந்தால் மறியலுக்குப் போகத் தெரிந்த எனக்கு, உங்கள் கதைக்குக் கீழே ஒரு வரி போடத் தெரியவில்லை. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

படம் 2022ல் வந்த பிறகு புதிதாக நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் யாரோ கேள்விப்பட்டு, அந்தப் பூங்குழலி கதை யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். கீழே எனக்கும், எனக்கும் என்று வரிசையாக வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கொடுக்கவில்லை. நீங்கள் அழித்ததை நான் எடுத்து விநியோகம் செய்தால் அது உங்கள் வீட்டுப் பூட்டை உடைப்பது மாதிரி என்று ஒரு மனம். இத்தனை பேர் கேட்கிறார்களே, இதைப் பார்த்திருந்தால் நீங்கள் அழித்தே இருக்கமாட்டீர்களே என்று இன்னொரு மனம். கூடவே பயமும் உண்டு. இப்படிக் கைமாறிய கதைகளை யாரோ எடுத்துக் குரல் போட்டு வீடியோவாக்கிக் காசு பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், எழுதியவர் பெயர்கூட இருக்காது.

அழிப்பது உங்கள் உரிமை, அதில் எனக்குப் பேச்சே இல்லை. பதினாறு வயசில் எழுதியதை இருபத்தாறில் பார்த்தால் கூசும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம் இருக்கும். கல்யாணம் நிச்சயமானதும் அழித்தவர்கள் உண்டு, வீட்டில் தெரிந்துபோய் அழிக்க வைக்கப்பட்டவர்கள் உண்டு. கீழே வந்து ஆபாசமாகத் திட்டிவிட்டுப் போகிற ஜென்மங்களும் உண்டு, அவர்களுக்கு மட்டும் கமென்ட் எழுதக் கூச்சமே கிடையாது பாருங்கள்.

என் வேண்டுகோள் அழிப்பதற்கு முந்தின நாளைப் பற்றித்தான். ஏஓ3 (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்) என்கிற அந்த ஃபேன்பிக்ஷன் தளத்தில் எழுதியவர்களில் பலருக்கே தெரியாத ஒரு வசதி உண்டு. (தெரியாதவர்களுக்கு: 2007ல் ரசிகர்களே கூடி ஆரம்பித்த ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது, 2009ல் திறந்தது, விளம்பரம் கிடையாது, 2019ல் அறிவியல் புனைகதைகளுக்குக் கொடுக்கிற ஹியூகோ விருதே வாங்கியது. டூப்ளிகேட் என்று சொன்ன வீட்டுக்காரரிடம் இந்த விருதைப் பற்றிச் சொன்னேன், எவ்வளவு பணம் என்று கேட்டார்.) அந்த வசதிப்படி கதையை அழிக்காமல் உங்கள் பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடலாம். கதை அங்கேயே இருக்கும், கமென்டுகள் இருக்கும், யார் எழுதியது என்று மட்டும் இருக்காது. ஒரு தடவை செய்தால் திரும்ப வாங்க முடியாது, யோசித்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அநாதையாக்குவது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. நம் ஊரில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, கோயிலுக்கு நேர்ந்துவிடுவது. நேர்ந்துவிட்ட மாடு யார் வீட்டு மாடு என்று யாரும் கேட்கமாட்டார்கள், எந்த வாசலில் நின்றாலும் கழுநீர் வைப்பார்கள்.

அதுவும் முடியாது, அழித்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வாரம் முன்னால் ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றோ, யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றோ. நீங்கள் சொன்னபடி இருந்துவிடுவோம். ஒன்றும் சொல்லாமல் போனால் எங்கள் கையில் இருப்பது திருட்டுப் பொருளா, அடைக்கலப் பொருளா என்று தெரியாமல் முழிக்கிறோம்.

இனி அந்த ஒருவருக்கு மட்டும்.

கடலோரத்து அக்கா இப்போதும் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் கேட்பார், "அந்தப் பொண்ணு கரைக்கு வந்துட்டாளா?" ரெண்டு வருஷம் இன்னும் இல்லக்கா, இன்னும் இல்லக்கா என்று சொல்லிப் பார்த்தேன். போன வருஷம் அவர் மகன் கடலுக்குப் போய் ஒருநாள் தாமதமாகத் திரும்பினான். மறுநாள் காலையில் பார்த்தபோது அதே கேள்வியைக் கேட்டார். வந்துட்டாக்கா என்று சொல்லிவிட்டேன். எப்படி என்றார். சோழகக் காத்து எழும்புச்சு, உடைஞ்ச பாய்மரத்துல புடவையக் கட்டினா, வந்துட்டா என்றேன். "அதானே, சோழகம் வந்தா வந்துரலாம்" என்று தலையாட்டிவிட்டு வேதாரண்யம் பஸ்ஸில் ஏறிப் போனார். உங்கள் 39வது அத்தியாயத்தை நான் இரண்டு வரியில் எழுதிவிட்டேன். நீங்கள் யோசித்து வைத்திருந்தது வேறாக இருந்தால் சொல்லுங்கள், அக்காவிடம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன், அவரும் என்னிடம் ஒரு இடத்தை மாற்றச் சொன்னவர்தானே.

கதையை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன், நீங்களாகச் சொல்லும் வரை. மெமரி கார்டில் ஒன்று இருக்கிறது. மையத்தில் ஒருநாள் சாயங்காலம் ஆள் இல்லாதபோது, பேப்பருக்குக் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அட்டையில் பெயர் எதுவும் இல்லை. பிரின்ட் எடுப்பதற்கு முன்னால் எழுத்துப்பிழைகளை மட்டும் பார்த்துச் சரிசெய்தேன், தட்டச்சு என் தொழில், கை சும்மா இருக்காது. 17வது அத்தியாயம் வந்ததும் அந்த வரியில் நின்றேன். அழிப்பதற்கு ஒரு பட்டன்தான்.

கோடிக்கரையில் மலை அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
கடைமடை வாசகி ஒருத்தி